ஹாக்கி உலகக் கோப்பையை முதல் தடவை பார்க்கிறீர்களா? பந்தை விடுங்கள், 'டி'யைப் பாருங்கள்

ஹாக்கி பார்க்கலாம் என்று உட்கார்ந்து பத்தாவது நிமிடத்தில் எழுந்து போனவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். எல்லாரும் சொல்வது ஒரே காரணம்தான்: பந்து கண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் விசில் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான புகார்தான். பந்தின் எடை சுமார் 160 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும், அதை ஸ்டிக்கால் ஓங்கி அடித்தால் எந்தக் கண்ணாலும் தொடர முடியாது. பழக்கப்பட்டவர்கள் மட்டும் எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், அவர்களும் பந்தைப் பார்ப்பதில்லை. ஆட்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எந்த இடத்தில் கூட்டம் சேர்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டம் சேருகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்.

ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அடுத்தது 2026 ஆகஸ்டில், பெல்ஜியத்தின் வாவ்ரிலும் நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வேனிலும். வேறு பெரிய போட்டிகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

யார் பெரிய அணி என்று முதலில் ஒரு வரியில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வர்ணனையாளர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்றே புரியாது. 1971இல் பார்சிலோனாவில் தொடங்கிய இந்தக் கோப்பையை அதிகம் வென்றது பாகிஸ்தான், நான்கு தடவை. நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆளுக்கு மூன்று. இந்தியா ஒரே ஒரு தடவை, 1975இல் கோலாலம்பூரில், பாகிஸ்தானை 2-1 என்று இறுதியில் வென்றது. பெல்ஜியம் 2018இல். அவ்வளவுதான், ஆறே நாடுகள். நான்கு தடவை வென்ற பாகிஸ்தான் 2014க்கும் 2023க்கும் தகுதியே பெறவில்லை என்பது இந்த விளையாட்டில் காலம் எப்படிப் புரண்டது என்பதற்கு ஒரு சோற்றுப் பதம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

கோடுகளை அடையாளம் பிடியுங்கள்

ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டே கோடுகள். ஒன்று, இரு பக்கமும் குறுக்கே போகும் 23 மீட்டர் கோடு. இன்னொன்று கோலைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கும் கோடு, கம்பத்திலிருந்து 14.63 மீட்டர் தூரம். ஆங்கில எழுத்து மாதிரி இருப்பதால் எல்லாரும் அதை 'டி' என்றே சொல்வார்கள்.

இந்த டிக்கு வெளியே நின்று எவ்வளவு பிரமாதமாக அடித்து வலைக்குள் போட்டாலும் கோல் கிடையாது. தாக்கும் அணியின் ஸ்டிக் டிக்குள் பந்தைத் தொட்டிருக்க வேண்டும். ஹாக்கியின் மொத்த உத்தியும் இந்த ஒரு விதியிலிருந்துதான் கிளம்புகிறது. கால்பந்தில் முப்பது மீட்டரிலிருந்து ஒரு அடி அடித்துப் பார்க்கலாம், இங்கே முடியாது, எப்படியாவது உள்ளே நுழைந்தாக வேண்டும். அதனால் பந்து 23 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் நிமிர்ந்து உட்காருங்கள். அதற்கு முன்னால் பின்வரிசையில் 'யு' வடிவத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்களே, அப்போது தண்ணீர் குடிக்கப் போகலாம்.

மைதானத்துக்கே போகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். முதல் தடவை நான் கோட்டுக்குப் பக்கத்திலேயே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன், வீரர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்ற ஆசையில். பார்த்ததெல்லாம் கால்கள். இரண்டாவது கால்பகுதியில் மேலே ஏறிப் போனதும்தான் ஆட்டம் என்று ஒன்று நடப்பதே தெரிந்தது. பக்கவாட்டில், 23 மீட்டர் கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரமான வரிசையைப் பிடியுங்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இரண்டு அணிகளின் தாக்குதலும் ஒவ்வொரு பாதி உங்கள் கண்முன் நடக்கும். கொஞ்சம் சீக்கிரமாகப் போனால் டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் தரைக்கு, தண்ணீர் பீய்ச்சி அடிப்பதையும் பார்க்கலாம். பந்து வழுக்கிக்கொண்டு ஓடவும், விழுபவர்களின் தோல் உரியாமல் இருக்கவும்தான் அந்த ஏற்பாடு. பந்து ஓடும் வழியெல்லாம் சின்னதாகத் தண்ணீர் தெறித்துக்கொண்டே போகும், அதை வைத்தே பந்து எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். நீலத் தரை, மஞ்சள் பந்து என்ற கூட்டணி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது, அதுவும் நம் கண்ணுக்காகத்தான்.

நேரக் கணக்கு

நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். நடுவில் பெரிய இடைவேளை, மற்ற இரண்டு இடங்களில் இரண்டிரண்டு நிமிடம். மொத்த ஆட்டமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். களத்தில் 11 பேர், ஆனால் பெஞ்சிலிருந்து கிட்டத்தட்ட எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம், ஆட்டம் நிற்காது. ஒரு முன்வரிசை வீரர் சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே போவார், மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப வருவார். அவரைக் காணோமே, அடிபட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். ஆஃப்சைடு என்ற தலைவலியும் இங்கே இல்லை, 1990களிலேயே எடுத்துவிட்டார்கள்.

விசில் ஏன் ஊதுகிறார்கள்

பாதிக்கு மேல் விசிலுக்குக் காரணம் கால். பந்து காலில் பட்டால் தப்பு. கோல்கீப்பருக்கு மட்டும், அதுவும் டிக்குள் இருக்கும்போது, காலால் உதைக்க உரிமை உண்டு. அடுத்த காரணம் ஸ்டிக்கின் முதுகுப் பக்கம். ஸ்டிக்குக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டையான பக்கத்தாலும் விளிம்பாலும் மட்டும்தான் ஆடலாம். இடக்கைக்காரர்களுக்கென்று தனி ஸ்டிக்கும் கிடையாது. மூன்றாவது, எதிராளியின் ஸ்டிக்கைத் தட்டுவது. நான்காவது, ஆபத்தான பந்து, அதாவது ஆள் நிற்கும் உயரத்துக்கு அவர் மீது பாய்வது மாதிரி அடிப்பது. இந்த நான்கைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான விசில்களுக்கு நீங்களே பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்லலாம்.

தப்புக்கு ஈடாக எதிரணிக்குக் கொடுக்கும் அடிதான் ஃப்ரீ ஹிட். அது கிடைத்தவர் யாருக்கும் கொடுக்காமல் தானே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் 23 மீட்டர் கோட்டுக்குள் கிடைத்த ஃப்ரீ ஹிட்டை நேராக டிக்குள் அடிக்கக் கூடாது, பந்து ஐந்து மீட்டர் உருண்டிருக்க வேண்டும், அல்லது எதிரணி ஆள் தொட்டிருக்க வேண்டும். அதனால்தான் அந்த இடத்தில் ஒருவர் பந்தோடு பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்துகொண்டிருப்பார்.

பெனால்டி கார்னர்: இதற்காகவே ஒரு ஆட்டம் பார்க்கலாம்

புதிதாகப் பார்ப்பவர்களிடம் நான் சொல்வது, வேறு எதையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான். பெரிய ஆட்டங்கள் இதில்தான் திரும்புகின்றன.

டிக்குள் தற்காப்பு அணி தப்பு செய்தால், அல்லது 23 மீட்டர் பகுதிக்குள் வேண்டுமென்றே தப்பு செய்தால், அல்லது வேண்டுமென்றே பின்கோட்டுக்கு வெளியே பந்தைத் தள்ளினால், பெனால்டி கார்னர். இங்கே ஒரு தந்திரம் உண்டு. டிக்குள் நுழைந்த தாக்குதல் வீரர் பல நேரம் கோலைப் பார்த்து அடிக்கவே மாட்டார், பக்கத்தில் நிற்கும் தற்காப்பு வீரரின் காலைத் தேடிப் பந்தைத் தட்டுவார். அசிங்கமாகத் தெரியும், ஆனால் அதைத் துல்லியமாகச் செய்ய அலாதியான கை வேண்டும். அந்தக் கால் தொட்டதும் அம்பயர் இரண்டு கைகளையும் கோல் பக்கம் நீட்டுவார். உடனே கடிகாரம் நிற்கும், 40 நொடி.

அந்த 40 நொடியில் டிவியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் பின்கோட்டுக்குப் பின்னால் நின்று காக்கலாம், மற்றவர்கள் எல்லாரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்த ஐந்தில் கோல்கீப்பர் தவிர்த்த நால்வர் வலைக்குப் பின்னாலிருந்து அவசர அவசரமாக முகமூடி, கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொள்வார்கள். அதில் ஒருவர் பந்து கிளம்பியதும் நேராகப் பந்தை நோக்கி ஓட வேண்டியவர். எதிரிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் பந்து வரப்போகிறது, இவர் அதைப் பார்த்து விலகி ஓடாமல் அதை நோக்கியே ஓடுகிறார். எனக்கு ஹாக்கியில் பிடித்த ஆள் இவர்தான், கோல் அடிப்பவர்கூட அப்புறம்தான்.

தாக்குதல் பக்கம் மூன்று பேரை மட்டும் பாருங்கள். பின்கோட்டிலிருந்து, கம்பத்துக்குப் பத்து மீட்டர் தள்ளி நின்று பந்தைத் தள்ளிவிடுபவர் ஒருவர். டியின் விளிம்புக்கு வெளியே ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து அதைச் சாகடித்து நிறுத்துபவர் ஒருவர். பந்து டியை விட்டு வெளியே வந்தாக வேண்டும், அப்போதுதான் அடுத்த அடி கோல் கணக்கில் சேரும். மூன்றாமவர்தான் நட்சத்திரம், டிராக் ஃபிளிக் அடிப்பவர். அவர் பந்தை அடிப்பதில்லை. நீளமாக ஒரு எட்டு வைத்து, உடம்பை வில்லாக வளைத்து, பந்தை ஸ்டிக்கில் ஒட்டவைத்த மாதிரி இழுத்துக்கொண்டே வந்து வீசுவார். ஓங்கி அடித்தால் முதல் அடி, கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரமான 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மேல் மூலைக்கும் அனுப்பலாம். ஓங்கி அடிப்பதை விட்டு எல்லாரும் ஃபிளிக்குக்கு ஓடியதன் ரகசியம் இதுதான்.

பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் இந்த வித்தையாலேயே 348 சர்வதேச கோல்கள் அடித்தார். சமீப ஆண்டுகளில் இந்தியாவுக்கு ஹர்மன்பிரீத் சிங், பெல்ஜியத்துக்கு அலெக்சாண்டர் ஹெண்ட்ரிக்ஸ், ஜெர்மனிக்கு கோன்சாலோ பெய்லட். பெய்லட் கதை சுவாரசியமானது: 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வென்றவர், பிறகு ஜெர்மனிக்கு மாறி 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார்.

எல்லாக் கார்னரும் ஃபிளிக் அல்ல. ஃபிளிக் அடிக்கப் போகிற மாதிரி பாவனை காட்டிவிட்டுப் பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்கோ, முதலில் தள்ளிவிட்டவருக்கே திரும்பவோ கொடுப்பதும் உண்டு. முதல் அடி, ஐந்து மீட்டருக்குள் ஓடிவரும் தற்காப்பு வீரரின் முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடியும் கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஆபத்தான அடி என்று தற்காப்பு அணிக்கே ஃப்ரீ ஹிட். கால்பகுதி முடியும் ஹூட்டர் அடித்துவிட்டாலும் கார்னரை ஆடி முடித்த பிறகுதான் ஆட்டம் நிற்கும், எனவே நேரம் முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள்.

பெனால்டி ஸ்ட்ரோக் என்பது வேறு. நிச்சயமாக விழுந்திருக்கும் கோலைத் தப்பால் தடுத்தால் கிடைப்பது, 6.4 மீட்டரிலிருந்து கோல்கீப்பரும் ஒருவரும் மட்டும். கால்பந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அட்டைகளும் வீடியோவும்

பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் ஐந்திலிருந்து பத்து நிமிடம். சிவப்பு என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றிலும் மாற்று ஆள் கிடையாது, அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பச்சை அட்டையை அசட்டையாக நினைக்க வேண்டாம், கடைசி நேரத்தில் இரண்டு நிமிடம் பத்துப் பேரோடு நிற்பது பெரிய விஷயம். எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க வேண்டுமானால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இந்தியா - கிரேட் பிரிட்டன் காலிறுதியைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது கால்பகுதியிலேயே இந்தியாவின் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கும் மேலாகப் பத்துப் பேர். 1-1 என்று இழுத்துப் பிடித்து, ஷூட் அவுட்டில் ஸ்ரீஜேஷ் கோல் முன் நிற்க 4-2 என்று வென்றார்கள். தற்காப்பு என்றால் என்ன என்று புரிய அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒரு வீரர் இரண்டு கைகளாலும் 'T' போட்டுக் காட்டினால் வீடியோ ரெஃபரல் கேட்கிறார். ஓர் அணிக்கு ஒன்று. கேட்டது சரியாக இருந்தால் அது கையிலேயே இருக்கும், தப்பானால் போயிற்று. முதல் கால்பகுதியிலேயே ஆத்திரத்தில் ரெஃபரலை வீணடிக்கும் அணியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரிவுக் கணக்கு: இதைத் தவறவிட்டால் பாதிக் கதை போச்சு

வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. புள்ளி சமமானால் வெற்றிகளின் எண்ணிக்கை, அதுவும் சமமானால் கோல் வித்தியாசம். இந்த மூன்றாவது விஷயம் எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு 2023 உலகக் கோப்பை. ஒடிசாவில் நடந்தது, 16 அணிகள், நான்கு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்தால் நேராகக் காலிறுதி, இரண்டாவதும் மூன்றாவதும் கிராஸ் ஓவர் என்ற கூடுதல் ஆட்டம் ஆட வேண்டும்.

ஒரே பிரிவில் இருந்த இந்தியாவும் இங்கிலாந்தும் தங்களுக்குள் 0-0. இரண்டும் மற்ற இரண்டு ஆட்டங்களிலும் வென்றன, இரண்டுக்கும் ஏழு புள்ளி. ஆனால் வேல்ஸை இங்கிலாந்து 5-0 என்று அடித்திருந்தது, ஸ்பெயினை 4-0. கடைசி ஆட்டத்துக்கு இந்தியா இறங்கியபோது வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் முதலிடம் என்ற நிலைமை. எட்டு எங்கே, 2-2 என்று திணறி, கடைசியில் 4-2 என்று முடித்தார்கள். இங்கிலாந்து காலிறுதிக்குப் போனது. இந்தியா கிராஸ் ஓவரில் நியூசிலாந்திடம் 3-1 என்று முன்னிலை வகித்தும் 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் வெளியேறியது. ஒரு ஆட்டத்தில்கூடக் கூடுதல் கோல் அடிக்காமல் விட்டதற்கு அத்தனை பெரிய விலை. அதனால் 5-0 என்று ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கும் அணி ஏன் இன்னும் வெறியோடு ஓடுகிறது என்று கேட்காதீர்கள். அட்டவணையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நீங்களே கோல் வித்தியாசம் போட்டுப் பாருங்கள், சம்பந்தமே இல்லாத இரண்டு நாடுகளின் ஆட்டமும் சுவையாகிவிடும்.

கடைசி ஐந்து நிமிடம்

தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கோல்கீப்பர் திடீரென்று வெளியே ஓடுவார். காயம் இல்லை. அவருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரை இறக்குகிறார்கள். கோல் காலி, ஆனால் தாக்க ஓர் ஆள் கூடுதல். பந்தைப் பறிகொடுத்தால் எதிரணிக்கு வெற்று வலை. பல நேரம் அப்படித்தான் முடியும்.

ஆனால் ஜெர்மனி மாதிரி ஓர் அணி ஆடும்போது முடிவை முன்கூட்டியே எழுதாதீர்கள். 2023இல் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று ஆட்டங்களிலும் 0-2 என்று பின்தங்கினார்கள். இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி மூன்று நிமிடம் வரை அதே நிலைமை, இரண்டு கோல் போட்டு ஷூட் அவுட்டில் வென்றார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 4-3, நிக்லாஸ் வெல்லனின் கோல் கடைசிச் சில நொடிகளில். இறுதியில் பெல்ஜியத்தோடு 3-3, ஷூட் அவுட்டில் 5-4, கோப்பை.

நாக் அவுட்டில் சமநிலை என்றால் கூடுதல் நேரம் கிடையாது, நேரே ஷூட் அவுட். இது கால்பந்து பெனால்டி மாதிரி நின்று அடிப்பது அல்ல. வீரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்புவார், கோல்கீப்பர் கோட்டிலிருந்து பாய்ந்து வருவார், எட்டே நொடி. அதற்குள் ஏமாற்றலாம், சுற்றலாம், தட்டிவிட்ட பந்தை மறுபடி எடுத்து அடிக்கலாம். அணிக்கு ஐந்து பேர், அதற்கு மேலும் சமம் என்றால் ஒருவர் ஒருவராக. இங்கே கோல்கீப்பரைப் பாருங்கள். நல்ல கீப்பர் உடனே விழ மாட்டார், நின்றுகொண்டே வீரரைக் கோலுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார், கடிகாரம் அவருக்காக வேலை செய்யும்.

2018 இறுதி புவனேஸ்வரத்தில். பெல்ஜியம், நெதர்லாந்து, அறுபது நிமிடமும் 0-0. ஷூட் அவுட்டில் பெல்ஜியத்தின் ஆர்தர் டி ஸ்லோவர் பந்தை உள்ளே தள்ளியதும் அணி மொத்தமும் ஓடிவந்து குவிந்தது, உலகக் கோப்பை வந்துவிட்டது என்று. வீடியோவில் பார்த்தால் பந்து அவர் காலில் பட்டிருக்கிறது. கோல் ரத்து. கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பிறகு ஃப்ளோரன் வான் ஆபல் அடித்தார், எதிரணி தவறவிட்டது, இரண்டாவது தடவையாகக் கொண்டாடினார்கள். அதனால் ஓர் அணி கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். அம்பயர் காதில் கை வைத்தபடி யார் சொல்வதையோ கேட்டுக்கொண்டு நிற்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.